ரவுண்ட் போட்டதில் நின்றுபோன வெள்ளி

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறைதான் என் ஆபீஸ். ஏற்காட்டில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு, கோள்களின் பாதையிலிருந்து இசை வரவழைக்கும் புரோகிராம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன்.

வழி புதிதல்ல. 1619-ல் வெளிவந்த 'ஹார்மோனிசெஸ் முண்டி' என்ற புத்தகத்தில் வானியலாளர் கெப்ளர் காட்டியதுதான். கோளின் பாதை நீள்வட்டம். சூரியனுக்குக் கிட்டே வந்தால் வேகம் கூடும், தள்ளிப் போனால் குறையும். சூரியனிலிருந்து பார்த்தால் ஒரு நாளில் அது எவ்வளவு கோணம் நகர்கிறதோ, அதையே அவர் சுருதியாக எடுத்துக்கொண்டார். மிக மெதுவான இடத்தை ஸ என்று வைத்தால், மிக வேகமான இடம் அவர் கணக்கில் சனிக்கு 5/4, அதாவது அந்தர காந்தாரம். பூமிக்கு 16/15, சுத்த ரிஷபம். செவ்வாய்க்கு 3/2, பஞ்சமம்.

பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நாளை விநாடியில் முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கினேன். பூமியின் ஒரு சுற்று 12 விநாடியில் முடியும், செவ்வாயுடையது 23-ல். வந்த எண்களை மிடி நோட்டாக்கும், அதாவது ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முழு எண் தரும் கணினி முறைக்கு மாற்றும் இடத்தில், பழக்கதோஷத்தில் ரவுண்ட் பங்ஷனைப் போட்டுவிட்டேன். எந்த எண்ணையும் பக்கத்து முழு எண்ணுக்குத் தள்ளிவிடும் கட்டளை அது. சுரங்கள் படி ஏறுவதுபோல் சுத்தமாக வந்தன. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

கீழ்வீட்டில் நாயனம் வாசிக்கும் பெரியவர் குடியிருக்கிறார். அன்று சாயங்காலம் நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் ஊறவைத்தபடியே மேலே வந்தார்.

"அது என்ன கண்ணு, ஒண்ணு மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது?"

"வெள்ளிங்க ஐயா."

"நெசத்துலயும் அப்படித்தான் நிக்குமா?"

நிற்காது. அதன் பாதை ஏறக்குறைய வட்டம். அதன் மொத்த ஏற்ற இறக்கமும் அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளியில் பாதிகூட வராது. ரவுண்ட் செய்ததும் அது பூஜ்யமாகிவிட்டது. செவ்வாயையும் கெடுத்திருந்தேன். இன்றைய அளவுப்படி அதன் விகிதம் 1.45, பிரதி மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நட்டநடு. நான் அதை மத்யமத்தில் தள்ளி உட்கார வைத்திருந்தேன்.

அவர் சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஊதிக் காட்டினார். உதட்டை இறுக்க இறுக்க ஒலி வழுக்கிக்கொண்டே மேலே போய், பஞ்சமத்தைத் தொடாமல் திரும்பியது. "தொளைக்குத் தொளை சொரம் இருக்கு. நடுவுல இருக்கறத மூச்சுலதான் புடிக்கணும்."

இரவோடு இரவாக மிடியை எடுத்துவிட்டு, ஒலியலையை நேரடியாகவே உண்டாக்கினேன். அலையைத் துணுக்குத் துணுக்காக எண்ணாக்கினால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு சாம்பிள்; ஒரு சாம்பிள் விட்ட இடத்திலிருந்தே அடுத்த சாம்பிள் தொடர வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் 'டக் டக்' என்று கேட்கும். அதைச் சரிசெய்யவே விடிந்துவிட்டது.

மறுநாள் வெள்ளி ஏழரை விநாடிக்கு ஒருமுறை லேசாக அசைந்தது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சனிக்கு ஒரு சுற்று ஆறு நிமிஷம். அவசரத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது நிமிஷம் அது அந்தர காந்தாரத்தை எட்டியபோது, சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.