ஒற்றுமையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

குமரி மாவட்ட மார்த்தாண்டத்திலிருந்து, எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி, கேரளப் பாறசாலை வரை சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கம், மலங்கரை, சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என எல்லாச் சபையும் உண்டு. அண்ணன் ஒரு சபை, தங்கை வாழப்போன வீடு இன்னொரு சபை. அதனால் ஒரு சபையில் நடக்கும் தவறைச் சொன்னாலே சம்பந்தி வீட்டுச் சண்டையாகிவிடும். "கிறிஸ்துவின் சரீரத்தை (அதாவது சபையை) பிளக்காதே" என்று வாயை அடைப்பார்கள். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகத்துக்கு முகம் எதிர்த்தார் (கலாத்தியர் 2). அதற்காகத் தனிச்சபை தொடங்கவில்லை.

நம் பக்கம் அதிகம் பேச வேண்டியது, ஜெபத்தால் நோய் தீரும் என்று நடத்தும் சுகமளிக்கும் கூட்டங்களைப் பற்றி. பெரும்பாலான பிரசங்கியார் "மாத்திரையை எறி" என்று சொல்வதில்லை. "விசுவாசித்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பார்கள். மைக்கைப் பிடித்து "சுகமானேன்" என்று சொல்லிவிட்ட அக்கா, மறுநாள் மாத்திரை டப்பாவைத் திறந்தால் அவிசுவாசி ஆகிவிடுவார். ஊர் கேட்கச் சொன்ன சாட்சியே அவரைக் கட்டிப்போடுகிறது.

மருந்தை விட்டால் நடப்பது நோய்க்கு நோய் வேறு. ரத்த அழுத்த மாத்திரையை விட்டவருக்குப் பல நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அந்த நாட்கள்தான் மேடையில் சாட்சியாகின்றன. காசநோயில் இருமலும் காய்ச்சலும் சில வாரங்களிலேயே தணியும், சிகிச்சையோ வழக்கமாக 6 மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடங்காத வலிப்பு வரும் அபாயம் உண்டு. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

பேசுகிற நேரமும் முக்கியம். கன்வென்ஷன் (சபைகள் பந்தல் போட்டு இரவுகளில் நடத்தும் கூட்டம்) நடக்கும்போது மேடைக்கு முன்னால் போய் நிற்பது வீண். பந்தல் போடுவதற்கு முன்பே, நோட்டீஸ் அச்சடிக்கும் கட்டத்திலேயே கமிட்டியைப் பாருங்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் அந்தச் சபையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். "உங்க ஆட்கள்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. கேட்க வேண்டியது இரண்டே: "டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று ஒவ்வொரு இரவும் மைக்கில் அறிவிப்பு, பரிசோதனை ரிப்போர்ட் பார்க்காமல் சுகமான சாட்சிக்கு மேடை இல்லை.

வசனம் கேட்பார்கள். வியாதிப்பட்டவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:14-ஐ மறுக்க வேண்டாம். கூடவே, தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்ன பவுலையும், அவர் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததையும் எடுத்து வையுங்கள். நெய்யூரில் 1838-ல் மருத்துவப் பணியைத் தொடங்கியது லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம். எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சோமர்வெல் பின்னர் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்ததும் அங்கேதான். ஜெபமும் ஆஸ்பத்திரியும் ஒரே வளாகத்தில் இருந்த ஊர் இது.

கமிட்டி கேட்கவில்லையென்றால் அடுத்து, பல சபைப் போதகர்களும் சேரும் ஐக்கிய போதகர் கூட்டம். அதற்கும் அசையாவிட்டால் வெளிப்படையாகச் சொல்லலாம். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்லும் 1 தீமோத்தேயு 5:20 அதற்கு இடம் தருகிறது. எந்தக் கூட்டம், எந்தத் தேதி, எந்த மருந்து நிறுத்தப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள், அதுவும் குடும்பத்தின் சம்மதத்தோடு. முப்பது விநாடி வீடியோவை வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால் விவாதம் சபைப் பெயருக்குத் தாவிவிடும், நோயாளியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மருந்தை விட்டவரைத் திரும்பத் தொடங்க வைக்கும்போதும் டாக்டரைக் கேளுங்கள். சில வலிப்பு, மனநல மருந்துகளை இடைவெளிக்குப் பின் பழைய அளவிலேயே தொடங்கக்கூடாது.

காணிக்கை விஷயம் இதைவிடச் சுலபம். பணம் போகும் வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று பார்த்து, ரசீது கேளுங்கள். முகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

மத்தேயு 18-ன் "தனியே போய் உணர்த்து" எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அது சகோதரனுக்கும் சகோதரனுக்கும் நடுவே உள்ள குற்றத்துக்கு. அடி வாங்கிய மனைவியை "பொறுத்துப் போ" என்று அதே வீட்டுக்கு அனுப்ப அந்த வசனத்தை எடுப்பது அக்கிரமம். அவருக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐக் கொடுங்கள். ஞாயிறு பள்ளியிலோ விடுதியிலோ பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் சபைக்குள் விசாரணை நடத்தும் உரிமை யாருக்கும் இல்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவுப்படி போலீஸில் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு 1 வருடம் வரை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். சம்பவம் பாறசாலையில், பிள்ளை களியக்காவிளையில் என்றால் "எங்க லிமிட் இல்ல" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பக்கூடாது, சம்பவ இடம் எந்த ஸ்டேஷன் எல்லையில் இருந்தாலும் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆரை எங்கும் பதியலாம். விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவரைப் பிரசங்க மேடையிலும் பிள்ளைகள் ஊழியத்திலும் நிறுத்த வேண்டாம். சமரச ஜெபம் என்று பிள்ளையின் வீட்டாரையும் அவரையும் ஒரே அறையில் உட்கார வைக்கவும் வேண்டாம்.