பெரியம்மாவின் பொட்டலம்

"35 ராண்ட் கட்டினா பொட்டலம் வந்துரும்னு போட்டிருக்கு. கட்டிரட்டுமா கண்ணு?"

மஞ்சள் படிந்த விரலோடு போனை நீட்டினார் பெரியம்மா. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் அவர் வீட்டு அடுக்களையில், இன்று காலை.

வந்திருந்தது ஒரு மின்னஞ்சல். பொட்டலம் கொண்டுவரும் நிறுவனத்தின் சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசல். அனுப்பியவர் பெயரைத் தொட்டேன். உள்ளே இருந்த முகவரியில் ஆங்கில 'ஓ' வர வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம்.

அந்த ஒரு பூஜ்யம்தான் போலி என்று காட்டிக்கொடுத்தது.

"சரி, இனிமே அனுப்பாதேன்னு சொல்லிருவோம்" என்று கீழே இருந்த பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார். பதறித் தடுத்தேன். தெரிந்த கடையின் மடல் என்றால் அதை அழுத்தலாம். இவர்களிடம் அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். மடலில் உள்ள படம் திறந்தாலே சில சமயம் தகவல் போய்விடும். அதனால் படங்கள் தானாகத் திறப்பதை நிறுத்தினேன். அப்புறம் ஸ்பேம், அதாவது குப்பை மடல், என்று புகார் கொடுத்தோம். வெறுமனே அழித்தால், இப்படிப்பட்ட மடல்களைத் தடுக்கும் வடிகட்டிக்கு இது குப்பை என்று தெரியாது.

1978இல் அமெரிக்காவில் ஒரு விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு அனுப்பியதைத்தான் முதல் குப்பை மடல் என்பார்கள். அவர் விற்றது நிஜமான கணினி. இங்கே தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுதாக அமலில் இருக்கிறது. முன்பின் தெரியாதவருக்குச் சம்மதம் இல்லாமல் விளம்பர மடல் அனுப்பக் கூடாது. ஒழுங்கான கடைக்காரர் அதற்குப் பயப்படுவார். திருடன் பயப்படுவானா?

பெரியம்மா முகம் சுருங்கிவிட்டது, ஏதோ தப்பு செய்தவர் போல. எனக்குத் தாங்கவில்லை. அவர் நிஜமாகவே ஒரு பொட்டலத்துக்குக் காத்திருந்தவர்.

"அப்போ லண்டன்லேர்ந்து பேரன் அனுப்பினது?"

அவனுக்கே போன் போட்டுக் கொடுத்தேன்.