மூன்று நிமிடக் கடல்

பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, மின்னூல் படிக்கிற என் மின்வாசிப்பானைத் துடைத்தேன். மறுபடியும் அதே பிசுபிசுப்பு.

சார்ஜ் துளையின் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு. குத்துவிளக்கில் ஏறுகிற அதே களிம்பு. தினமும் நான்கு மணி நேரம் படிக்கிறவனுக்கு இதைவிடக் கெட்ட சகுனம் உண்டா?

புதிது வாங்கலாமென்று கிண்டில் பேப்பர்ஒயிட் என்கிற மின்வாசிப்பானின் குறிப்பைப் பார்த்தேன். நன்னீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் தாங்குமாம்.

கடல்நீரில்? கால் மீட்டர், 3 நிமிடம்.

இரண்டு பக்கமும் கடலாகக் கிடக்கிற ஊரில் மூன்று நிமிடம்! அதுவும் தண்ணீருக்குத்தான் கணக்கு. காற்றில் வருகிற உப்புக்கு நான் பார்த்த குறிப்பில் ஒரு வரியும் இல்லை.

பக்கத்து இருக்கையில் கருவாட்டுக் கூடையோடு இருந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்து பாலிதீன் பை ஒன்றை உருவி நீட்டினார்.

"இதில் போட்டு வை, தம்பி."

வாசனையோடு வாங்கிக்கொண்டேன்.