செம்புக் குழாயின் வாய்

ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் உதவியாளாகச் சேர்ந்தபோது கையில் கிடைத்த முதல் கருவிகள் இரண்டு. குழாயின் வாயைப் புனல்போல் விரிக்க, இரட்டைச் சட்டமாகத் திறந்து மூடும் ஃபிளேரிங் டூல் ஒன்று. இன்னொரு குழாய் நுழையும்படி வாயை அகலமாக்க, சுத்தியலால் அடித்துப் பயன்படுத்தும் சுவேஜிங் பஞ்ச் வரிசை மற்றொன்று. குழாயின் அளவைப் பட்டறையில் நூல் கணக்கில்தான் சொல்வோம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல் என்பதால், கால் அங்குலக் குழாய் இரண்டு நூல், அரை அங்குலக் குழாய் நான்கு நூல்.

இவற்றுள் நான் பெரிதும் மதிப்பது பஞ்சைத்தான். அதன் முனை குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்தும். அதற்கு மேலுள்ள தடித்த பகுதி அதே குழாயின் வெளிவிட்டத்தைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். குழாயைச் சட்டத்தில் இறுக்கி, ஏறக்குறைய அதன் விட்டத்தளவு நீளத்தை வெளியே விட்டு, பஞ்சின் முனையில் ஒரு துளி கம்ப்ரசர் எண்ணெயைத் தடவி அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு பஞ்சைச் சற்றுத் திருப்பிவிடாவிட்டால் அது செம்பைக் கவ்விக்கொண்டு வெளியே வர மறுக்கும். விரிந்த வாய்க்குள் அதே அளவுள்ள மற்றொரு குழாய் உட்கார்ந்ததும் கேஸ் வெல்டிங் வைத்தால் இணைப்பு முடிந்தது. செம்போடு செம்பைச் சேர்க்கும்போது பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியை உருக்கினால் போதும். செம்பின் மேல் படியும் ஆக்சைடை நீக்கும் ஃபிளக்ஸின் வேலையை அந்தப் பாஸ்பரசே செய்துவிடுவதால் தனியாக எதுவும் தடவ வேண்டியதில்லை. இரு குழாய்களை இணைக்கும் கப்ளிங் துண்டைக் கடையில் வாங்கிப் போட்டால் இரண்டு இடங்களில் பற்றவைக்க வேண்டியிருக்கும், பஞ்சால் விரித்தால் ஓரிடம்தான். கசிவுக்கான வாய்ப்பும் பாதியாகக் குறைகிறது என்பதால், அவசர வேலையிலும் நான் கப்ளிங்கைத் தேடுவதில்லை.

அடிக்க அடிக்கச் செம்பு இறுகிக்கொண்டே போகும். பழைய குழாயை மறுபடி விரிக்க நேர்ந்தால், அதை முதலில் மங்கிய சிவப்பாகும் வரை சுட்டு மென்மையாக்க வேண்டும். எஃகைச் சுட்டு நீரில் தோய்த்தால் கடினமாகும். செம்போ அப்படித் தோய்த்தாலும் மென்மையாகவே இருக்கும். இதை அறியாமல் நான் முதல் மாதத்தில் வாய் பிளந்த குழாய்த் துண்டுகளாகவே குவித்தேன்.

ஃபிளேரிங் டூலின் வேலை வேறு. அதன் கூம்பு, குழாயின் வாயை 45 பாகைச் சாய்வில் விரிக்கும். அந்த விளிம்பை பித்தளை நட்டு, வால்வின் கூம்பு முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். இங்கே தவறுகள் எல்லாம் விரிப்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகின்றன. கட்டரால் வெட்டிய குழாயின் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டே அதை ரீமரால் நீக்க வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் செம்புத் துகள் உள்ளே விழுந்து கம்ப்ரசர் வரை போய்ச் சேரும். சட்டத்துக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்குக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதிகமானால் நட்டு ஏறாது, குறைந்தால் விளிம்பு பிடிக்காது. அழகாக விரித்து முடித்த பிறகு, நட்டை முன்பே குழாயில் கோக்க மறந்ததைக் கண்டு மீண்டும் வெட்டாத மெக்கானிக் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒருமுறை, கசியக் கூடாதே என்ற அச்சத்தில், நீண்ட ஸ்பேனரைக் கொண்டு ஒரு நட்டை முழு வலுவோடு இறுக்கினேன். சில வாரங்களில் அந்த அறை குளிராமல் போனது. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தபோது நட்டின் பின்புறம் சிறு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கழற்றினால், விளிம்பில் நகக்கீறல் போன்ற ஒரு விரிசல். விளிம்பை இரண்டு உலோக முகங்களுக்கிடையே நசுக்கி மெலிதாக்கியது என் கைதான். ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவை விட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான அழுத்தத்தில் இயங்கும் ஆர்-410ஏ, ஆர்-32 வாயு இயந்திரங்களில் இத்தகைய பிழைக்கு இடமே இல்லை. அவற்றுக்கு, கூம்பு மையத்திலிருந்து விலகி உருண்டு விரிக்கும் புதுவகை டூலையும், இறுக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் டார்க் ஸ்பேனரையும் வாங்கிவிட்டேன்.

பஞ்ச் மட்டும் பழையதே. சுத்தியல் அடி வாங்கிய அதன் தலை காளான்போல் மடிந்து விரியும். அந்த மடிப்பிலிருந்து சில்லு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து என்பதால் அவ்வப்போது கிரைண்டரில் தேய்த்துச் சமப்படுத்துகிறேன். நான்கு நூல் பஞ்ச் அப்படித் தேய்ந்து தேய்ந்து, வரிசையில் இப்போது எல்லாவற்றிலும் குட்டையாக நிற்கிறது.