மாஸ்டரின் சி.ஆர். கொப்பி

எங்கள் சைக்கிள் அந்த நாட்களில் ஓடியதைவிடக் கவிழ்ந்து கிடந்ததுதான் அதிகம்.

1997. மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டு, தென்மராட்சியில் கொஞ்சநாள், கிளாலியால் கடல் கடந்து கிளிநொச்சி, அங்கும் ஆமி வர மல்லாவி. எனக்குப் பதின்மூன்று வயது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் பற்றரி வர அரசாங்கத்தின் தடை. செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரில் முட்டவிட்டு, ஒரு செத்த றேடியோவில் கழற்றிய டயோட்டை இடையில் போட்டு, வயரை எங்கள் றேடியோவில் கொழுவ வேண்டும். பிறகு ஆள் இருந்து கையால் பெடலைச் சுற்ற வேண்டும். அந்த ஆள் நான். கை சோர்ந்தால் குரல் கரகரத்து அமுங்கும். "சுத்தடா, இப்பதான் முக்கியமான இடம் வருது" என்று அம்மப்பா கத்துவார்.

பிபிசி தமிழோசை ஒன்பதேகாலுக்கு. அது எங்கள் ஒன்பதேகால். 1996-இல் அரசாங்கம் மணிக்கூட்டை ஒருதரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, பிறகு அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. வன்னி அதை ஏற்கவில்லை. வன்னியில் பழைய நேரம், கொழும்பில் புதிய நேரம் என்று ஒரே தீவுக்குள் இரண்டு நேரம் ஓடியது. நேரத்திலேயே ஒத்துப்போகாத இரண்டு தரப்பு செத்தவர்களின் தொகையில் ஒத்துப்போகுமா என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியாது. பக்கத்துக் கொட்டில் மாஸ்டருக்குத் தெரியும்.

அவர் கணக்கு வாத்தியார். இடம்பெயரும்போது தூக்கிவந்த சி.ஆர். கொப்பி ஒன்றில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி வைத்திருந்தார். திகதி. கொழும்பு சொன்ன தொகை. இயக்கம் என்று நாங்கள் சொல்லும் புலிகளின் வானொலி, புலிகளின் குரல், சொன்ன தொகை. கடைசியில் ஊர். இரவில் கொப்பியோடு வந்து எங்கள் வாங்கில் குந்துவார். சில மாதம் கழித்து ஒருநாள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, இவங்கள் சொல்லுறபடி பாத்தா போன மாசமே இயக்கத்தில ஒருத்தரும் மிஞ்சியிருக்கக்கூடாது. அவையள் சொல்லுறபடி ஆமியும் முடிஞ்சிருக்கோணும். பிறகு ஆர் உதில ராவு ராவா அடிபடுறது?"

ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை அந்த ஆண்டு மே 13-இல் தொடங்கியது. சிங்களத்தில் 'வெற்றி நிச்சயம்' என்று அர்த்தம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை ஏ-9 பாதையைப் பிடித்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி திறப்பதுதான் நோக்கம். 70 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. 1994-இல் சமாதானம் என்று கேட்டு 62 சதவீத வாக்கு வாங்கியவர் சந்திரிகா. பேச்சு 1995 ஏப்ரலில் முறிந்த பிறகு அவருடைய அரசாங்கம் போருக்கு வைத்த பெயர் 'சமாதானத்துக்கான யுத்தம்'. தெற்கில் ஊரூராக வெண்தாமரை இயக்கம் என்று சமாதானப் பிரசாரம் போனது. வடக்கில் கிபீர் குண்டுவீச்சு விமானம் வந்தது. 1995 டிசம்பரில் யாழ்ப்பாணம் பிடிபட்டதும், பிரதிப் பாதுகாப்பு அமைச்சரும் சந்திரிகாவுக்கு மாமன் முறையானவருமான அனுருத்த ரத்வத்த, பழைய அரசர் காலத்து மாதிரி சுருள் ஓலை ஒன்றை ஜனாதிபதியிடம் கையளித்தார். ஊரின் பெயர்கூட அதில் பழைய சிங்களப் பெயர்தான். சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு வந்துவிட்ட, நாய் மட்டும் நின்ற ஊர் அது. அந்த விழாவை நான் பல வருடம் கழித்துத்தான் வீடியோவில் பார்த்தேன். பள்ளிக்கூட நாடகம் போலிருந்தது.

பாதைக் கதைக்கு வருகிறேன். ஓமந்தை கெதியாகப் போய்விட்டது. நெடுங்கேணியும் போனது. அதற்குப் பிறகு புளியங்குளம். கொப்பியின் கடைசி நிரலில் புளியங்குளம், புளியங்குளம் என்று மாதக்கணக்காக ஒரே பெயர். அந்தக் காலத்தில்தான் கொழும்புச் செய்தியில் தொகைகள் பெருத்தன. இத்தனை பயங்கரவாதிகள் பலி, இத்தனை பேர் காயம். மாஸ்டர் பென்சிலால் அந்த நிரலைத் தட்டிக்காட்டிச் சொன்னது இன்றுவரை காதில் நிற்கிறது: "ஊரைச் சொல்லாமத் தொகையைச் சொல்லுறாங்கள் எண்டா, ஊர் நகரேல்ல எண்டு அர்த்தம்."

பிறகு தவணை வந்தது. 1998 பெப்ரவரி 4 சுதந்திரத்தின் பொன்விழா. அதற்கு முன் பாதை திறந்துவிடும் என்றார் ரத்வத்த. பொன்விழா வந்து போனது. பாதை திறக்கவில்லை. யூனில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. கொழும்புப் பத்திரிகைகள் ஒரு இராணுவ அதிகாரியிடம் காட்டித்தான் போர்ச் செய்தி போட வேண்டும் என்றார்கள். எங்களுக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை, எங்களிடம் வந்து சேரும் வீரகேசரியில் ஏற்கெனவே கருவாடு சுற்றியிருக்கும்.

செப்ரெம்பர் கடைசியில் நடந்ததைத்தான் நான் யாருக்கும் சொல்லிக் காட்டுவது. ஆமி மாங்குளத்தைப் பிடித்துவிட்டது. மல்லாவிக்கு அது கிட்ட, நாங்கள் மூட்டை கட்டிவிட்டோம். கொழும்பில் மாங்குளம் வெற்றிச் செய்தி. அதே நாட்களில் வடக்கே கிளிநொச்சி முகாமை இயக்கம் அடித்துப் பிடித்துவிட்டது. நூற்றுக்கணக்கான படையினர் செத்துப்போனார்கள். வவுனியாவையும் கிளிநொச்சியையும் இணைக்கத்தானே பாதை? கிளிநொச்சியே இல்லை. கயிற்றின் மற்ற நுனியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள், இவர்கள் இந்த நுனியைப் பிடித்துக்கொண்டு வெற்றி என்கிறார்கள். மாஸ்டர் அன்று கொப்பியில் இரண்டு ஊர்ப்பெயரையும் பக்கம்பக்கமாக எழுதி நடுவில் சமன் குறி போட்டார். டிசம்பர் 4-இல் ஜெயசிக்குறு முடிந்ததாக அறிவித்தார்கள். தோல்வி என்ற சொல் வரவில்லை. வேறு பெயரில் வேறு நடவடிக்கை வந்தது.

எங்கள் பக்கத்துச் சொற்களையும் சொல்லத்தான் வேண்டும். இயக்கம் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. 'தந்திரோபாயப் பின்னகர்வு' செய்தது. ஆமியின் இழப்பு முழுத்தொகையாக உடனே வரும், தங்களுடையது சோக இசையோடு பெயர் பெயராக வரும். ஒரு இரவு அப்படி வந்த பெயர்களில் ஒன்று மாஸ்டரிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த பிள்ளையுடையது. நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். ஒருவரும் என்னைப் பேசவில்லை. அந்தத் திகதிக்கு எதிரே கொப்பியில் ஒன்றும் எழுதப்படவில்லை.

இப்போது கொழும்பில் என்னோடு வேலை செய்கிற ஒருவர் குருநாகல் பக்கம். அவருடைய பெரியப்பாவின் மகன் கிளிநொச்சி முகாமில் நின்றவர். மாங்குளம் பிடித்த செய்தியை வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்துச் சந்தோஷப்பட்டார்களாம், பெரியம்மா விகாரைக்குப் பூ கொண்டுபோனாராம். 'காணாமற்போனார்' என்ற கடிதம் பிறகுதான் வந்தது. அவர் இதைக் கன்ரீனில் தேத்தண்ணி குடித்தபடி சொன்னார். நான் சைக்கிள் கதையைச் சொன்னேன். அதனால்தான் இதையெல்லாம் எழுத வந்தது.

1999 நவம்பரில் இயக்கம் ஒட்டுசுட்டானில் தொடங்கித் தெற்கே தள்ளிக்கொண்டு வந்தது. பதினெட்டு மாதம் ஒவ்வொன்றாக ஏறிய ஊர்கள் ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் இறங்கின. மாஸ்டருக்கு எழுதி முடிக்க ஏலவில்லை. ஊர்ப்பெயர்களுக்குக் கீழிருந்து மேலாக ஒரு அம்புக்குறி கீறிவிட்டு மூடிவைத்தார்.

பாதை 2002 ஏப்ரல் 8-இல் திறந்தது, போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு. மே மாதம் மாஸ்டரும் நானும் ஒரு மினிபஸ்ஸில் வவுனியாவுக்குப் போனோம். தலை இல்லாத தென்னைகள், றோட்டுக்கு இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகள். கனகராயன்குளம் வந்தது. புளியங்குளம் வந்தது. மாதக்கணக்காகக் கொப்பியில் நின்ற ஊர், பஸ் ஒரு கிழவியை ஏற்ற நின்ற நேரம்தான். மாஸ்டர் யன்னலால் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

ஓமந்தையில் இறங்கி வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி, சூனியப் பிரதேசம் தாண்டி, அந்தப் பக்கத்தில் மீண்டும் வரிசை. முன்னால் நின்ற பெண் நேரம் கேட்டார். மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பிறகு திருகை இழுத்து அரை மணித்தியாலம் முன்னே சுற்றிவிட்டு நேரத்தைச் சொன்னார்.