வாசல் வெளிச்சம்: ஒரு தீபாவளி சீசன் நாட்குறிப்பு

24 ஆகஸ்ட் 2024, சனி

நேற்றுக் காலை கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா என்ற கடைத்தெருவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்மணி 8 மீட்டர் ஆழத்துக்குள் விழுந்துவிட்டார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரத் தொழில் செய்யும் எனக்கு அந்தச் சாலையில் ஒரே ஒரு வாடிக்கையாளர், சேலைக் கடை அக்கா. அவர் கடை வாசலில் நின்றால் தடுப்பு தெரிகிறது.

செய்தி கேட்டதும் நான் முதலில் செய்தது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காரியம் இல்லை. கைப்பேசியைத் திறந்து திங்கட்கிழமை தொடங்க வேண்டிய விளம்பரத்தை நிறுத்தினேன். ‘தீபாவளிக்கு மஸ்ஜிட் இந்தியா வாங்க, நடந்துக்கிட்டே வாங்கலாம்!’ என்பது வாசகம். நான் எழுதியதுதான். நேற்று முன்தினம் வரை அந்த ‘நடந்துக்கிட்டே’யை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

நேரம் குறித்து வைத்திருந்த பதிவுகள் இன்னும் 14 இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி நிறுத்தி முடிக்க இரவு 11 ஆகிவிட்டது. ஒன்று தப்பியிருந்தாலும் அது தன் பாட்டுக்கு வெளியாகிச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கும்.

29 ஆகஸ்ட், வியாழன்

முதல் குழிக்குச் சுமார் 50 மீட்டர் தள்ளி நேற்று இன்னொரு நில அமிழ்வு. இன்று மஸ்ஜிட் ஜாமெக்கில் எல்.ஆர்.டி. ரயிலை விட்டு இறங்கி நடந்தே போனேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இந்தச் சாலையில் தோள் உரசாமல் நடந்த ஞாபகம் எனக்கு இல்லை. இன்று கைவீசி நடந்தேன்.

கடைப் பெண்கள் மடித்த சேலையையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்கள். ‘அந்த ரோடு மொத்தமா இறங்கப் போகுதாம், யாரும் போகாதீங்க’ என்று ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு அக்காவின் மூன்று குடும்பக் குழுக்களிலும் வந்திருக்கிறது. யார் குரல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விளம்பரத்துக்கு ஒரு காசு செலவில்லாமல் எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 21 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் வேலை ஒன்றுகூட இப்படிப் பரவியதில்லை.

எங்கள் வீடியோ தம்பி தடுப்புக்கு முன்னால் நின்று ‘நாங்க திறந்துதான் இருக்கோம்’ என்று படம் எடுக்கலாம், வைரலாகும் என்றான். ஆகும்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

3 செப்டம்பர், செவ்வாய்

31-ஆம் தேதியோடு தேடுதலை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் மாடி மேலே இருக்கும் எங்கள் ஒற்றை அறைக்கு அக்கா நேரில் வந்தார். சீசனுக்கு மொத்தம் 6,000 வெள்ளிதான் (ரிங்கிட்) ஒதுக்க முடியும் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, “பேப்பர்ல ஒரு வாழ்த்து போட்ரலாமாம்மா?” என்று கேட்டார்.

2003-இல் நான் வேலைக்குச் சேர்ந்ததே ஒரு தமிழ் நாளிதழின் விளம்பரப் பகுதியில்தான். பத்தி அகலம், சென்டிமீட்டர் உயரம் என்று அளந்து விற்போம். தீபாவளி மலர் வந்தால் கோயில் கமிட்டி, அரசியல்வாதி, நகைக் கடை, லாரி கம்பெனி என்று எல்லாரும் கைகூப்பிய படத்தோடு வரிசையில் நிற்பார்கள். விளம்பரத்தால் எவ்வளவு வியாபாரம் வந்தது என்று அப்போது யாரும் கேட்டதில்லை. பக்கத்துக் கடைக்காரர் கால் பக்கம் போட்டாரா அரைப் பக்கமா என்பதுதான் கேள்வி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோனது. அன்று பழைய சகாக்கள் நாலு பேர் தே தாரிக் குடிக்கக் கூடினோம். துக்கம் விசாரிப்பது போலத்தான் இருந்தது.

ஆகவே அக்காவிடம், பத்திரிகையில் போட்டால் சேலை விற்காது என்று நேராகவே சொன்னேன். “விக்கறதுக்கு இல்லம்மா. பேப்பர்ல வந்தாதான் அப்பா பேரு இருக்கற மாதிரி இருக்கு” என்றார். சரி, அது வேறு கணக்கு. 600 வெள்ளிக்குள் ஒரு சிறிய வாழ்த்து போடுவதாக முடிவு.

10 செப்டம்பர், செவ்வாய்

வாழ்த்து விளம்பரத்தின் மாதிரி வந்தது. ‘கொண்டாட்டம்’ என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்காமல் ககரத்துக்குப் பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு தொங்கியது. டிசைனர் தங்கச்சிக்கு வயது 23, சீனப்பள்ளியில் படித்தவள். “ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு அக்கா” என்றாள். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகிவிடும், இரண்டு நிமிட வேலை. அதைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் இந்த ஊர்ப் பதாகைகளில் பாதி, கொம்பு முறிந்த மாடாக நிற்கின்றன. கணினித் தமிழுக்கு 1985-லேயே முரசு அஞ்சல் மென்பொருளைச் செய்து தந்த முத்து நெடுமாறன் இந்த ஊர்க்காரர் என்பது இன்னும் வெட்கம்.

14 செப்டம்பர், சனி

முதல் நேரலை. டிக்டாக்கிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரே நேரத்தில். வட்ட விளக்கு வாங்கிக் கடைக்குள் மாட்டினோம். அக்கா நன்றாகவே பேசினார். 19 சேலை போனது.

20 செப்டம்பர், வெள்ளி

19-இல் 7 திரும்பி வந்துவிட்டது. நிறம் வேறு என்கிறார்கள், அவர்கள் சொல்வது சரி. மாம்பழ மஞ்சள், கைப்பேசியில் எலுமிச்சையாகத் தெரிந்திருக்கிறது. மயில் கழுத்து நிறம்தான் மோசம். அதில் பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடு (குறுக்கு நூல்) ஒரு நிறம். கையில் அசைத்தால்தான் நீலமும் பச்சையும் மாறி மாறி வரும். விளக்கு நேராக அடித்ததில் இரண்டும் செத்து, ஜரிகை மட்டும் வெள்ளையாகக் கொதித்தது. கேமரா தானாக நிறத்தைத் திருத்தப் பார்த்து இன்னும் கெடுத்தது.

தபால் செலவு, திருப்பி எடுக்கும் செலவு எல்லாம் சேர்த்தால் நேரலையில் நஷ்டம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

21 செப்டம்பர், சனி

நிறக் கணக்கைத் தீர்க்கக் கடைக்குப் போனேன். போன இடத்தில்தான் அந்தப் பிஸ்கட் டின்னைப் பார்த்தேன்.

கடைக்குப் பின்னால் ரவிக்கை தைக்கும் மாமா இருக்கிறார். ஒவ்வொரு ரவிக்கைக்கும் ஓர் அளவுச் சீட்டு எழுதுவார்: மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து ஆழம், கீழே தொலைபேசி எண். மூலையில் அந்தத் துணியிலிருந்தே நகம் அளவு ஒரு துண்டு வெட்டி ஊசியால் குத்தியிருப்பார். ஆறு வருடச் சீட்டு, நாலு டின். நான் ஒரு கத்தையைப் பிரித்தேன். ஒரே எண், மூன்று தீபாவளி, மூன்றும் அரக்கு. இன்னொரு எண்ணுக்கு வாடாமல்லி, கத்தரிப்பூ, மறுபடி வாடாமல்லி.

“பேரு தெரியாதும்மா. 36, கழுத்து எட்டு, பாட்டிலு பச்சைன்னு சொன்னா ஆளத் தெரியும்” என்றார் மாமா.

2021-இல் ஆப்பிள், செயலிகள் ஒருவரைப் பின்தொடர அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று வைத்த நாளிலிருந்து ஃபேஸ்புக் எனக்குக் காட்டும் ஆட்கள் மங்கிப்போனார்கள். ‘இந்தியப் பண்பாட்டில் ஆர்வமுள்ள 25–54 வயதுப் பெண்கள்’ என்று ஒரு புகைமூட்டத்துக்குத்தான் நான் அக்காவின் காசைக் கட்டிக்கொண்டிருந்தேன். இங்கே, டானிஷ் பிஸ்கட் டின்னுக்குள், யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பது துணியோடு இருக்கிறது. இந்தக் கடைக்கு மூன்று வருடமாக ஆலோசனை சொல்கிறேன். ஒரு நாளாவது பின்கட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேனா?

24 செப்டம்பர், செவ்வாய்

கைக்கு வந்த எண்ணுக்கெல்லாம் அனுப்பிவிட முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. ரவிக்கை தைக்கக் கொடுத்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் கேட்க வேண்டும். ஆகவே கடைப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து கூப்பிட்டுக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் இன்னொரு சிக்கல். ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். கடைக்காரர் எண்ணை யார் சேமிக்கிறார்கள்? “அக்கா, இந்த நம்பர சேவ் பண்ணுங்க, உங்க கலர் வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் காட்டுவோம்” என்று சொல்லச் சொன்னேன்.

26 செப்டம்பர், வியாழன்

செந்தூலில் உள்ள இன்னொரு வாடிக்கையாளர், சிறிய மருந்துக் கடை. ‘மூட்டுவலிக்கு 7 நாளில் முழு நிவாரணம்’ என்று மகனே வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். மருந்து விளம்பர வாரியத்தின் கே.கே.எல்.ஐ.யு. அனுமதி எண் இல்லாமல் இதெல்லாம் போடவே கூடாது என்று நான் முன்பே சொன்னதுதான். “டிக்டாக் பேப்பர் இல்லையே” என்கிறார். வீடியோவை நீக்க வைத்துவிட்டேன். இந்த மாதமும் பணம் தரவில்லை.

2 அக்டோபர், புதன்

மாதக் கணக்கு. ஃபேஸ்புக் விளம்பரப் பில்லில் சேவை வரி 8 விழுக்காடு. பிப்ரவரி வரை 6-ஆக இருந்தது. 1,000 வெள்ளிக்கு 20 வெள்ளி கூடுதல், பெரிய தொகை இல்லை. ஆனால் நான் பழைய கணக்கில் விலை சொல்லியிருந்ததால் வித்தியாசம் என் கையை விட்டுப் போகிறது. இந்த மாதத்திலிருந்து விளம்பரக் காசை அவரவர் கார்டிலேயே கட்டச் சொல்லப் போகிறேன்.

6 அக்டோபர், ஞாயிறு

இரண்டாவது நேரலை. யோசனை என்னுடையது இல்லை, கடையில் 17 வருடம் இருக்கும் பெரிய அக்காவுடையது. “சேலை வாங்க வர்றவங்க எங்க கலர் பாப்பாங்க? வாசல்ல கொண்டுபோய்த்தானே?” என்றார். அவ்வளவுதான். வட்ட விளக்கை மூட்டை கட்டினோம். காலை 10 மணிக்கு வாசல் நிழலில், நிறத்திருத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். மயில் கழுத்து அசைந்தபோது தம்பியே “ஓ” என்றான்.

வாசலில் எடுத்தால் பின்னால் தடுப்பு வருகிறது. கோணத்தை மாற்றி மறைக்கப் பார்த்தோம். மறைத்தால் வெளிச்சம் போய்விடுகிறது. அக்கா ஒரு நிமிடம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, “இருக்கட்டும். இருக்கறது இருக்கு” என்றார். அதைப் பற்றி நேரலையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தவர்களும் கேட்கவில்லை.

22 சேலை போனது.

13 அக்டோபர், ஞாயிறு

இதுவரை திரும்பி வந்தது ஒன்று. அதுவும் நிறத்துக்காக இல்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லையாம்.

26 அக்டோபர், சனி

சாலையில் கூட்டம் திரும்பியிருக்கிறது, போன வருட அளவுக்கு இல்லை. அனுமதி தந்தவர்கள் 211 பேர். முதல் செய்திக்கு 63 பேருக்குத்தான் இரண்டு டிக் விழுந்தது, இப்போது 158. நிறம் பிரித்து அனுப்புகிறோம். அரக்குக்காரர்களுக்கு அரக்கு. வாடாமல்லிக்காரம்மா காஜாங்கிலிருந்து மகளோடு நேரிலேயே வந்துவிட்டார். சீட்டைத் தேடி எடுத்துக் காட்டியதும் அந்தத் துணித் துண்டைத் தடவிப் பார்த்து, “இந்தச் சேலைய என் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன்” என்றார்.

வாழ்த்து விளம்பரமும் இன்று வந்துவிட்டது. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அக்கா பக்கத்தை வெட்டி, கல்லாவுக்கு மேலே அப்பா படத்தின் சட்டத்தில் செருகியிருக்கிறார்.

3 நவம்பர், ஞாயிறு

கணக்கு முடித்தாயிற்று. போன வருடத்தைவிடக் குறைவுதான், பயந்த அளவுக்கு இல்லை. அக்கா முறுக்கும் நெய் உருண்டையும் கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு வேலையும்: நாலு டின் சீட்டையும் கணினியில் ஏற்றித் தர வேண்டுமாம். தம்பி ஒரே நாளில் படம் பிடித்துவிடலாம் என்கிறான். மாமா சம்மதிக்கவில்லை. படம் எடுத்துக்கொள்ளலாம், சீட்டைத் தொடக் கூடாது என்கிறார். ஊசி விழுந்துவிடுமாம்.