அணைக்குப் போனால் வால்பக்கம் போங்கள்

நீர்த்தேக்கங்களுக்குப் பறவை பார்க்கப் போக ஆரம்பித்த முதல் வருடம், ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தேன். அணை நிறைந்திருக்கும்போது போவேன், போய் அணைச் சுவர் மேல் நிற்பேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், முகத்தில் அறையும் காற்று, படம் எடுக்க அருமையான இடம். பறவை? நட்ட நடுவில் நாலு கறுப்புப் புள்ளிகள். நீர்க்காகமாக இருக்கலாம், மிதக்கும் கட்டையாகவும் இருக்கலாம்.

அங்கே அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர், என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, தண்ணியப் பார்க்கணும்னா நிறைஞ்சப்ப வாங்க. பறவையப் பார்க்கணும்னா வத்துறப்ப வாங்க. இங்க நிக்காதீங்க, வால்பக்கம் போங்க."

வால்பக்கம் என்று அவர் சொன்னது, ஆறு வந்து நீர்த்தேக்கத்தில் சேருகிற முனையை. அணைச் சுவரை ஒட்டித்தான் ஆழம் அதிகம். வால்பக்கமோ, ஆறு வேகம் தணிந்து, சுமந்து வந்த வண்டலை இறக்கி வைக்கும் இடம். அங்கே பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால் அணைச் சுவரில் ஒரு அடிக்குக் கறை தெரியும், அவ்வளவுதான். சரிவே இல்லாத வால்பக்கத்தில் அதே ஒரு அடிக்கு மைதானம் மாதிரி சேறு வெளியே வந்துவிடும். நேற்றுவரை தண்ணீருக்கடியில் கிடந்த புழுவும் பூச்சிக் குடம்பியும் நத்தையும் இன்று பறவையின் அலகுக்கு எட்டும். தண்ணீரின் விளிம்பு நாளுக்கு நாள் பின்வாங்க, பறவைகளும் அதன் பின்னாலேயே போகும்.

அவர் சொன்னபடி போன முதல் காலை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டேன். இது ரொம்ப முக்கியம்; எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் ஒரே கறுப்புதான். அரைமணி நேரம் அசையாமல் இருந்ததில் சேற்றில் குத்தி இரை தேடும் கரைப்பறவையான ஓர் உள்ளான் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது. தையல் மெஷின் ஊசி மாதிரி அலகு சேற்றில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. இது கண்ணால் தேடுவதில்லையே, குருட்டாம்போக்கில் குத்துகிறதே என்று நினைத்தேன். பிறகுதான் படித்தேன்: அதன் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. சேற்றுக்குள் இருக்கும் இரையை அலகாலேயே தடவிக் கண்டுபிடிக்கிறது. பல உள்ளான்களால் அலகைத் திறக்காமலே மேல் நுனியை மட்டும் தூக்க முடியும், நாம் இடுக்கியால் எடுப்பது போல. அன்று ஒரு புழு பாதி வெளியே வந்து இழுபறி நடந்தது. புழு அறுந்துவிடாமல், ரப்பர் பேண்டை இழுப்பதுபோல் நிதானமாக இழுத்தது அந்தக் குருவி. இழுத்ததும் தண்ணீர் ஓரம் ஓடி, அலசிவிட்டு விழுங்கியது.

கொஞ்சம் தள்ளி நெடுங்கால் உள்ளான்கள் தண்ணீருக்குள்ளேயே நடந்தன. சின்ன அலகுக்காரர்கள் மேல் சேற்றில், நீள அலகுக்காரர்கள் ஆழத்தில். ஒரே சேறுதான், ஆனால் பெரிதாகச் சண்டை இல்லை.

அந்த உற்சாகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்த சேற்றைத் தரை என்று நம்பிக் காலை வைத்தேன். மேல் தோல் மட்டும்தான் காய்ந்திருக்கிறது, கீழே கூழ். ஒரு கால் முழங்கால்வரை இறங்க, அதை எடுக்க இன்னொரு காலை ஊன்ற, அதுவும் உள்ளே. உருவ உருவ இன்னும் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் மானத்தைப் பார்க்காமல் பின்பக்கமாக உட்கார்ந்து, எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தேன். வலது செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் புல் முளைத்த கரையை விட்டு இறங்குவதில்லை. தனியாகப் போனால் நிச்சயமாக இல்லை.

என்ன பைனாகுலர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு என்றால் இன்னும் கிட்டத்தில் தெரியுமே என்பார்கள். தெரியும்தான், ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகும். வெயில் ஏறியபின் சேற்றின் மேல் கானல் ஆட ஆரம்பித்துவிட்டால் எந்தக் கண்ணாடியும் உதவாது. நான் மூட்டை கட்டிவிடுவேன்.

எண்ணவும் அந்தப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். கூட்டத்தில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதிய வைத்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டம் முழுக்க வைத்துக்கொண்டே போக வேண்டும். 1967-லிருந்து ஜனவரிதோறும் நடக்கிற சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் பெருங்கூட்டங்களைத் தன்னார்வலர்கள் இப்படித்தான் எண்ணுகிறார்கள். நான் முந்நூறு என்றால் அவர் நானூற்று இருபது என்பார். பெரும்பாலும் அவர்தான் சரி.

"அணை செயற்கை ஆச்சே, அதில் என்ன இயற்கை?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஈரநிலங்களைக் காக்க ஈரானின் ராம்சார் நகரில் 1971-ல் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தமே ஈரநிலத்துக்கு இயற்கை, செயற்கை என்ற பேதம் பார்க்கவில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் குறுக்கே 1970-களில் எழுந்த போங் அணையின் நீர்த்தேக்கத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் பல்லாயிரக்கணக்கில் வருகின்றன; 2002-ல் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்காக, அணையில் மூழ்கிய ஊர்களுக்கு வாத்துகள் ஈடாகிவிட்டன என்று சொல்லமாட்டேன். அது வேறு கணக்கு.

கயாக் ஓட்டுவதும் எனக்குப் பிடிக்கும். ஆனால் சத்தமில்லாத படகு பறவைக்குத் தொந்தரவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில், சத்தமில்லாமல் நேராகத் தன்னை நோக்கி வருவதை அது வேட்டைக்கு வருவதாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒருநாள் மேய்ந்துகொண்டிருந்த மூக்கன்கள், நீள அலகுள்ள கரைப்பறவைகள், ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. அப்போதே துடுப்பை நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் நாலு துடுப்பு போட்டேன். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. இந்த மூக்கன் இனத்தில்தான், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்கான கொழுப்பைச் சேற்றில் ஒவ்வொரு குத்தாகத்தான் சேர்க்க வேண்டும். ஒரு போட்டோவுக்காக நான் கெடுத்தது அதைத்தான். இப்போது தலை தூக்கினால் நான் பின்வாங்கிவிடுகிறேன்.

போன மாதம் போனபோது தண்ணீர் திரும்ப ஏறியிருந்தது. நான் வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் பட்டமரத்தின் அடி, இடுப்பளவு தண்ணீரில் நின்றது. உள்ளான் ஒன்றுகூட இல்லை. சரி, வந்ததற்கு வெறும் தண்ணீரையாவது பார்ப்போம் என்று நின்றபோது, மரத்தின் கிளையோடு சிக்கி மிதந்த பாசிக் குவியல் அசைந்தது. அதன்மேல் ஒரு முக்குளிப்பான். என்னைக் கண்டதும் அவசர அவசரமாக அழுகிய இலைகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு முங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டு எண்ணும்போது முதுகுப் பக்கம், நாணலுக்குள்ளிருந்து அதன் குரல் கேட்டது.